இரண்டாம் பத்தி

நிறுவனர் நாள் விருந்தில் இவ்வருடம்
ஒயின் கிடையாது என்று
திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது.
காரணம் இரண்டாம் பத்தியில் இருந்தது:
நம் முஸ்லிம் மாணவர்களின் உணர்வுகளை மதித்து.

எந்த உணர்வு என்று
என் பைக்குள் தேடிப் பார்த்தேன்.
ஹாஸ்டல் சாவி,
எலஹங்காவில் ஏறிய பஸ் டிக்கெட்,
பாதி தின்ற முறுக்கு.

மொத்தம் ஐந்து பேர் என்று
டீன் அலுவலகம் எண்ணி வைத்திருந்தது.
கேட்டிருந்தால் ஒரே மேசையில் அடங்கியிருப்போம்.
ஒரு டீ ஆறுவதற்குள்
பதில் சொல்லி முடித்திருப்போம்.

ஷஹீர் சொல்லியிருப்பான்,
கம்மனஹள்ளியில் சனிக்கிழமைதோறும் தான் உட்காரும் மூலையை,
பில் யார் கட்டுவது என்ற தீராத வழக்கை.
(அவன் அம்மாவுக்குத் தெரியாது.
தெரிந்தாலும் அது அவர்கள் வீட்டு விவகாரம்,
நிர்வாகக் குழுவின் விவகாரமல்ல.)
லக்னோ தரன்னும் சொல்லியிருப்பாள்:
நான் தொடமாட்டேன்,
பக்கத்து நாற்காலியில் யார் எதைக் குடித்தால் எனக்கென்ன,
பிரியாணியில் உருளைக்கிழங்கு போடாதீர்கள், போதும்.
பீதர் முக்தார் வாயே திறந்திருக்க மாட்டான்.
திரவ இயக்கவியல் தவிர
எந்தத் திரவத்தைப் பற்றியும் அவனுக்குக் கருத்தில்லை.

ஐந்தாவது ஆள் கபீர் மேனன்.
பெயரை மட்டும் பார்த்து எண்ணியிருக்கிறார்கள்.

நான்?
வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி வைவாவை
மூன்று மணிக்குத் தள்ளச் சொல்லி
இரண்டு கடிதம் எழுதியிருந்தேன்.
இரண்டுக்கும் ஒரே பதில்:
கால அட்டவணை எல்லோருக்கும் பொது.

மெஸ் வரிசையில் தட்டோடு நின்றபோது
பின்னாலிருந்து ஒரு குரல்:
"உங்களாலதானே!"
சிரிப்போடுதான் சொன்னது.
கோபித்தால் நமக்குத்தான் நகைச்சுவை தெரியாது
என்றாகிவிடும் வகைச் சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
சாம்பாரில் உப்பில்லை, அதையும் சொல்லவில்லை.
ஆர்டர் செய்யாத பார்சல் வீடு தேடி வந்து
பணம் மட்டும் என்னிடம் கேட்டால் எப்படி இருக்கும்,
அப்படி.

அன்றிரவு கேன்டீனில்
மார்த்தாண்டத்து செல்வின் எதிரே வந்து உட்கார்ந்தான்.
"ஜுலைஹா, ரொம்ப தேங்க்ஸ்."
எதற்கு என்றேன்.
செல்போனைத் திருப்பிக் காட்டினான்.
திரையில் ஓர் எண் மட்டும்: 213.
போன வருட விருந்தின் முடிவில்
நீரூற்றுத் தொட்டியிலிருந்து செக்யூரிட்டி இருவர்
அவனைத் தூக்கி வெளியே போட்ட வீடியோ
இன்னும் சிலரிடம் இருக்கிறது.
"ரெண்டு வாரமா அந்த ராத்திரிய நெனச்சே தூக்கமில்ல.
போகலன்னா ஏன்னு கேப்பாங்க.
போனா..."
மிச்சத்தை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் டீன் வசுந்தரா ஹெப்பாரின் அறை.
நல்லவர். சிக்கலே அதுதான்.
தன் கையால் காபி ஊற்றிக் கொடுத்து
"இப்போது சந்தோஷம்தானே?" என்றார்.
எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.
"அப்படியானால் ஒயின் வேண்டுமா?"
உண்மையான வியப்பு, புருவம் நெற்றியில் ஏறிவிட்டது.

அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே
நான் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை.

ஒயின் வேண்டாம் மேடம்.
இரண்டாம் பத்தியும் வேண்டாம்.
"காரணம் சொல்லாமல் ஒன்றை எப்படி நிறுத்துவது?"
காரணம் எனக்குத் தெரியும்.
அது மூன்றாம் மாடியில் தூங்காமல் கிடந்தது.
அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
காபியைக் குடித்தேன்.
எழுந்தபோது வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டேன்.
"அது பொது விதி, ஜுலைஹா."

சனிக்கிழமை விருந்து.
உயரக் கண்ணாடிக் குவளைகளில்
கறுத்த திராட்சைச் சாறு.
டீன் ஒவ்வொரு மேசையாக வந்தார்.
கபீர் மேனனின் தோளில் மெல்லத் தட்டி
எல்லாம் சௌகரியமா என்று விசாரித்தார்.
"ரொம்ப சௌகரியம் மேடம்" என்றான் கபீர்.
முக்தார் முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தான்.

எனக்கு நேரெதிரில் செல்வின்.
குவளையை மூக்கருகே கொண்டுபோய்
ஒரு நொடி முகர்ந்து பார்த்தான்.
இன்னொரு முறை.
பிறகுதான் குடித்தான்.

நான் பிரியாணியில் உருளைக்கிழங்கைத்
தேடிக்கொண்டிருப்பதுபோல் குனிந்திருந்தேன்.
இருநூற்றுப் பதினெட்டு.